வாப்பாவின் குரலும் வீட்டுக் கம்பியின் வேகமும்



முன்பெல்லாம் ஒரு குடும்பத்தின் நினைவுகள் தகரப் பெட்டிக்குள் இருந்தன. நிக்காஹ் பதிவின் நகல், வீட்டுப் பத்திரம், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புச் சான்று, ஓரம் மஞ்சளித்த புகைப்படங்கள் எல்லாம் அதில் அடங்கிவிடும். இன்று அவை கணினியின் வட்டுக்குள் குடியேறிவிட்டன. தகரப் பெட்டி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். வட்டு பழுதாவது தெரியாது. ஒரு நாள் காலையில் திறக்க மறுக்கும், அவ்வளவுதான்.

புதுச்சேரி முஸ்லிம் குடும்பங்களில் பலவற்றுக்கு இந்த நினைவுகள் வெறும் நினைவுகள் அல்ல. பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு வணிகம் செய்யச் சென்றவர்கள் உண்டு. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் அந்த ஒப்படைப்பு சட்டப்படி நிறைவு பெற்றது. அதன்பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்து அங்கே சென்றவர்களும், இந்தியராக இங்கேயே இருந்தவர்களும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். பல வீடுகளில் ஒரு கிளை முல்லா வீதிப் பக்கமும் மறு கிளை பாரிஸ் புறநகரிலும் இருக்கும். வெளிநாட்டுத் தொலைபேசிக்கு அஞ்சிய அக்காலத்தில், பயணம் செல்பவரின் கையில் ஒலிநாடாவைக் கொடுத்தனுப்புவார்கள். அதுவே கடிதம். உம்மா அழுவதும், பிள்ளைகள் ஸூரா ஓதிக் காட்டுவதும், வீட்டுக் கோழி கூவுவதும் அதில் பதிவாகியிருக்கும்.

எங்கள் வாப்பா, மர்ஹூம், அப்படிப்பட்ட நாடாக்கள் அறுபதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். இன்று வாப்பாவின் குரல் எங்களுக்கு மிஞ்சியிருப்பது அவற்றில் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் அவற்றைக் கணினியில் ஏற்றினோம். ஒரு மணி நேர நாடா ஒன்று, குறுக்கப்படாத ஒலிக்கோப்பாக ஏறக்குறைய 630 மெகாபைட் பிடிக்கும். அறுபதும் சேர்ந்து 38 கிகாபைட். அவற்றுடன் திருமணக் காணொளிகள், வருடி எடுத்த ஆவணங்கள், புகைப்படங்கள் என்று மொத்தம் 700 கிகாபைட். இவ்வளவும் கீழ்த்தளத்தில் இருந்த பழைய மேசைக் கணினியின் ஒரே வட்டில் இருந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த ராத்தா ஞாயிறு இரவு விமானம் ஏற வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு நகல் தமக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வியாழன் அஸருக்குப் பின் கணினியைத் திறந்தபோது, வட்டு விரைவில் பழுதாகக்கூடும், உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்னும் எச்சரிக்கை திரையில் வந்தது. வட்டு தன்னைத் தானே கண்காணித்துச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாட்டின் குரல் அது. அதை அலட்சியம் செய்யலாகாது.

மாடியில் இரண்டு வட்டுகள் கொண்ட ‘நாஸ்’ என்னும் சேமிப்புப் பெட்டி ஒன்று உண்டு. கீழிருந்து மாடிக்குச் சுவர் வழியே ஈத்தர்நெட் கம்பி ஓடுகிறது. கணினி, சேமிப்புப் பெட்டி, இடையிலுள்ள ஸ்விட்ச் மூன்றுமே விநாடிக்கு 1000 மெகாபிட் திறன் உடையவை. ஆனால் நகலெடுக்கத் தொடங்கியதும் திரை காட்டிய வேகம் விநாடிக்கு 11 மெகாபைட். அந்த எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 700 கிகாபைட்டுக்கு இந்த வேகத்தில் ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகும். நலமான வட்டென்றால் இரவில் விட்டுவிட்டு உறங்கலாம். சாகக் கிடக்கும் வட்டை அவ்வளவு நேரம் ஓடவிடுவது ஆபத்து. இடையில் மின்சாரம் போனாலும் பெருந்துன்பம்.

வீட்டில் ஆளுக்கொரு குற்றவாளியைச் சொன்னார்கள். ராத்தாவின் மகன் இணைய நிறுவனத்தைச் சொன்னான். மச்சான் பழைய கணினியைச் சொன்னார். வைரஸ் என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவரவர் அனுபவத்திலிருந்து சொன்னவைதாம். எனினும் சான்று இல்லாமல் யார் மீதும் எதன் மீதும் குற்றம் சுமத்தலாகாது என்பது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தரப்பட்ட ஒழுக்கம். இயந்திரத்துக்கும் அது பொருந்தும் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

பழுதைத் தேடுமுன் ஒரு காரியம் செய்தோம். 700 கிகாபைட்டில் வேறெங்கும் கிடைக்காதவை எவை என்று எண்ணிப் பார்த்தோம். திருமணக் காணொளி உறவினர் வீடுகளிலும் இருக்கும். ஆவணங்களின் மூலப்படி பெட்டியில் இருக்கிறது. நாடாக்களோ பூஞ்சை பிடித்து இழுபட்டுப் போய்விட்டன. அந்தக் குரல் இந்த வட்டில் மட்டுமே இருக்கிறது. ஆகவே மற்றவற்றை நிறுத்திவிட்டு அந்த 38 கிகாபைட்டை மட்டும், அதே மெதுவான வேகத்தில், மாடிக்கு அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மஃரிபுக்கு முன் வாப்பாவின் குரல் இரண்டு இடங்களில் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். இந்த நிலைக்கு ஆளாகும் எவருக்கும் நாங்கள் சொல்வது இதுவே: முதலில் ஈடில்லாதது, பிறகு பழுது பார்த்தல்.

இனி அந்த 11 என்னும் எண்ணைப் பார்ப்போம். வலையமைப்புக் கருவிகளின் வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவு பைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 1000 மெகாபிட் என்பது 125 மெகாபைட். ஒவ்வொரு பொதிக்கும் முகவரி எழுதுவது போன்ற செலவுகள் போக, நல்ல வீட்டு வலையமைப்பில் 110 மெகாபைட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும். 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட், செலவு போக 11-ஐ ஒட்டி நிற்கும். எனவே 11-இல் அசையாமல் நிற்கும் வேகம், பாதையில் எங்கோ ஓர் இடம் 1000-க்குப் பதிலாக 100-இல் இயங்குகிறது என்பதற்கு வலுவான அடையாளம்.

வேறு எண்கள் வேறு கதை சொல்லும். வேகம் 30, 35 என்று நின்றால் பழைய யூஎஸ்பி 2.0 வழியே எங்கோ செல்கிறது என்று பொருள் கொள்ளலாம். ஏறி இறங்கித் தள்ளாடினால் வட்டையோ, வைஃபையையோ, சிறு கோப்புகளின் கூட்டத்தையோ பார்க்க வேண்டும். ஒரு மெகாபைட்டுக்கும் கீழே தவழ்ந்தால், ஒரு முனையில் எவரோ வேகத்தைக் கையால் நிர்ணயித்து மறுமுனையைத் தானியங்கியாக விட்டிருக்கலாம். அப்போது ஒரு கருவி இருவழிப் பாதை என்று எண்ணிப் பேசும். மற்றொன்று ஒருவழிப் பாதை என்று எண்ணிக் காத்திருக்கும். பொதிகள் மோதி வீணாகும். இரு முனைகளையும் தானியங்கி நிலையில் விடுவதே நல்லது.

இணைய நிறுவனம் இவ்விஷயத்தில் குற்றமற்றது என்பதை ராத்தாவின் மகனுக்கு விளக்கினோம். கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குச் செல்லும் கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. இணைய இணைப்பைப் பிடுங்கி வைத்தாலும் நகலெடுப்பது நடக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் வீடுகளில் வைக்கும் பெட்டிகள் சிலவற்றில் நான்கு துளைகளுள் ஒன்று மட்டுமே 1000 மெகாபிட். மற்ற மூன்றும் 100. அப்படிப்பட்ட பெட்டியின் வழியாக இரு கருவிகளை இணைத்திருப்பவர்கள் அதையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் தனி ஸ்விட்சில் இணைந்திருந்ததால் அந்த ஐயம் எழவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதலில் கணினியின் வைஃபையை அணைத்தோம். கம்பி இருக்கும்போதே கணினி வைஃபை வழியே பேசிக்கொண்டிருப்பதுண்டு. வேகம் மாறவில்லை, ஆக, செல்வது கம்பி வழியேதான். அடுத்து இணைப்பின் வேகத்தைப் பார்த்தோம். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் ஈத்தர்நெட் பகுதியைத் திறந்தால் ‘லிங்க் ஸ்பீடு’ என்று இருக்கும். கணினி 100 என்று காட்டியது. சேமிப்புப் பெட்டி 1000 என்று காட்டியது. ஆகவே மாடிப் பக்கம் நலம். குறை கணினிக்கும் ஸ்விட்சுக்கும் இடையில்.

மச்சானின் புதிய மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து, அதே சுவர்த் துளையில், அதே சிறு கம்பியால் இணைத்தோம். அதுவும் 100 என்றது. பழைய கணினியின் மீதிருந்த குற்றச்சாட்டு விலகியது. சிறு கம்பியையும் மடிக்கணினியையும் மாடிக்கு எடுத்துச் சென்று நேராக ஸ்விட்சில் செருகினோம். 1000 என்றது. ஆக, சிறு கம்பியும் நலம், ஸ்விட்சும் நலம். மிஞ்சியது சுவர் வழியே ஓடும் கம்பியும் அதன் இரு முனைகளும் மட்டுமே.

அப்படியானால் அந்தக் கம்பி முற்றிலும் செத்திருக்க வேண்டுமே, எப்படிப் பாதி உயிரோடு இருக்கிறது என்று ராத்தா கேட்டார்கள். நல்ல கேள்வி. ஈத்தர்நெட் 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் முதலானோரால் உருவாக்கப்பட்டபோது அது தடித்த ஒற்றைக் கம்பியில் ஓடியது. நாம் இன்று காணும் கம்பிக்குள் எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கின்றன. 1995-இல் வந்த 100 மெகாபிட் முறை அவற்றுள் இரண்டு இணைகளை மட்டுமே, அதாவது 1, 2, 3, 6 ஆகிய இழைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. 1999-இல் வந்த 1000 மெகாபிட் முறைக்கு நான்கு இணைகளும் வேண்டும். மற்ற நான்கு இழைகளுள் ஒன்று அறுந்தாலும் 1000 நடக்காது. பெரும்பாலான கருவிகள் அப்போது சண்டையிடாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடர்கின்றன. எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். குர்ஆன் செயலி திறக்கும், பயான் காணொளி ஓடும், பிள்ளைகளின் இணைய வகுப்பு நடக்கும். பெரும் சுமை வரும்போதுதான் குறை வெளிப்படும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், எட்டு விளக்குகள் கொண்ட சிறிய கம்பிச் சோதிப்பான் ஒன்றை இரவலாக வாங்கி வந்தோம். கடையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் கருவி அது. ஒரு பாதியைக் கீழும் மறு பாதியை மாடியிலும் செருகினோம். 1 முதல் 6 வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. 7 எரியவில்லை. 8 எரிந்தது. ஏழாவது இழை வெள்ளையும் பழுப்புமாக இருக்கும், அது அறுந்திருந்தது.

கீழ்த்தளத்துச் சுவர்த் துளையைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அது கிழக்குச் சன்னலுக்கு அருகில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பகுதியின் பெயரே உப்பளம். பழைய துறைமுகமும் கடலும் கூப்பிடு தூரத்தில். இங்கே சன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, கதவுக் கீல் எதுவும் உப்புக் காற்றுக்குத் தப்புவதில்லை. துளையின் உலோக நாக்குகளில் பச்சை படிந்திருந்தது. செம்பில் அப்படிப் படிவது இயல்பு. ஆனால் ஏழாவது இழையின் முனையில் பச்சைக்குப் பதிலாக வெள்ளைத் தூள் இருந்தது; தொட்டதும் இழை உதிர்ந்தது. கத்தி முனையால் மற்றோர் இழையைச் சுரண்டினோம். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி போல் மின்னியது. அது செம்பு அன்று. செம்பு பூசிய அலுமினியம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல வீடுகளில் இந்தக் கம்பி சுவருக்குள் இருக்கிறது. செம்பைவிட அலுமினியம் மலிவு, எடை குறைவு. ஆனால் மின்தடை அதிகம். வளைத்தால் எளிதில் முறியும். செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகும். கேட் 5இ, கேட் 6 என்னும் தர வரையறைகள் முழுச் செம்பு இழையையே கோருகின்றன. பூசிய அலுமினியம் அத்தரத்தில் சேராது. கண்காணிப்புக் கேமராவுக்கு இதே கம்பி வழியே மின்சாரமும் அனுப்பினால் அது சூடேறவும் கூடும். கம்பியின் உறையில் ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருந்தால் அது பூசிய அலுமினியம். ஒன்றுமே அச்சிடாமல் இருந்தால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். சுருளின் எடையையும் ஒப்பிடுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கம்பியைப் பதித்த மின்பணியாளரை அழைத்தோம். அவர் இளைஞர், பொறுப்பானவர். சுரண்டிய இழையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “செம்புக் கம்பி என்று சொல்லித்தான் பாய் கொடுத்தார்கள். செம்புக்கான விலையைத்தான் உங்களிடம் வாங்கிக் கடையில் கொடுத்தேன்” என்றார். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அவரை நம்பாமல் இருக்க முடியாது. “உங்கள் மேல் குறை இல்லை தம்பி, இனி வாங்கும்போது இருவரும் சேர்ந்தே சுரண்டிப் பார்ப்போம்” என்றோம். அளவிலும் நிறையிலும் குறைப்போரைப் பற்றி எச்சரிக்கும் அத்தியாயம் ஒன்று நம் வேதத்தில், 83-ஆம் அத்தியாயமாக, தனியே இருக்கிறது. தராசும் படியும் மட்டுமே அதன் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. செம்பின் விலை வாங்கிக்கொண்டு அலுமினியத்தைத் தருவதும் குறைத்து அளப்பதே. சுவருக்குள் போய்விடும் பொருளில் இது எளிது; வாங்கியவர் பார்க்கவே மாட்டார். நம் சமுதாயத்தில் இத்தொழிலில் பலர் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.

அப்போதைக்கு ஒரு வழி கண்டோம். 20 மீட்டர் நீளமுள்ள முழுச் செம்புக் கம்பி ஒன்றை இரவல் வாங்கி, மாடிப்படி வழியே கணினியிலிருந்து ஸ்விட்சுக்கு நேராக இழுத்தோம். இணைப்பு 1000 என்றது. வட்டுகளைத் தொடாமல் கம்பியை மட்டும் அளக்கும் ‘ஐபெர்ஃப்3’ என்னும் இலவச மென்பொருளை ஓட்டினோம். 940 மெகாபிட் காட்டியது. 100 மெகாபிட் இணைப்பாயின் அது 94-ஐ ஒட்டிக் காட்டும். கம்பி இனி நலம்.

ஆயினும் கோப்புகள் 110-இல் செல்லவில்லை. பெரிய காணொளிகள் 75 முதல் 80 வரை சென்றன. இப்போது தடை, முதிர்ந்த அந்த வட்டே. சுழலும் வட்டின் வெளிவிளிம்பில் படிக்கும் வேகம் அதிகம், உள்விளிம்புக்குச் செல்லச் செல்லக் குறையும். புகைப்படங்களின் முறை வந்தபோது வேகம் 20-க்கும் கீழே இறங்கியது. பதற வேண்டியதில்லை. பெரிய கோப்பு ஒரு மூட்டை போன்றது; ஒருமுறை தூக்கினால் போதும். பத்தாயிரம் சிறு படங்கள் என்பது பத்தாயிரம் முறை பெயர் சொல்லித் திறந்து, எழுதி, மூடுவது. நலமான வட்டாயின் அவற்றை ஒரே பொதியாகக் கட்டி அனுப்பலாம். சாகக் கிடக்கும் வட்டில் புதிதாக எதையும் எழுதலாகாது என்பதால் அதைத் தவிர்த்தோம். படியில் கிடந்த கம்பியை எவரும் மிதித்துவிடாதபடி உம்மாவே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்கள். இஷாவுக்குள் எல்லாம் மாடிக்குச் சேர்ந்தன.

சேர்ந்தது என்று திரை சொன்னதோடு நாங்கள் விடவில்லை. அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பவர் எண்ணிக் கொடுக்க வேண்டும். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டோம். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடும் மென்பொருளையும் ஓட்டினோம். நான்கு புகைப்படங்கள் மட்டும் பொருந்தவில்லை. வட்டின் பழுதான பகுதியில் இருந்தவை அவை. மூன்றை உறவினர்களிடமிருந்து பெற்றுக்கொண்டோம். ஒன்று போனது போனதுதான். சனிக்கிழமை, சேமிப்புப் பெட்டியிலிருந்து ராத்தாவின் கைவட்டுக்கு இன்னொரு நகல் எடுத்தோம். ராத்தா அதில் ஒரு நாடாவைத் திறந்து கேட்டார்கள். 1986-இல் வாப்பா அவர்களுக்கே அனுப்பியது. பெயர் சொல்லி அழைத்து, குளிருக்கு நன்றாக உடுத்திக்கொள், தொழுகையை விட்டுவிடாதே என்று சொல்லும் குரல். கூடத்தில் எவரும் பேசவில்லை.

சுவர்க் கம்பியை அடுத்த வாரம் மாற்றினோம். முழுச் செம்பு, கேட் 6, வெயிலுக்குத் தாங்கும் கறுப்பு உறை. வெளிச்சுவரில் ஓடும் பகுதியைக் குழாய்க்குள் விட்டோம். கம்பி வீட்டுக்குள் நுழையுமுன் சற்றுக் கீழிறங்கி மேலேறும்படி ஒரு வளைவு வைத்தோம். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவர்த் துளையைச் சன்னலை விட்டு உள்ளறைக்கு மாற்றினோம். முனைகளில் தங்கப் பூச்சு கனமானதைத் தேர்ந்தோம். உப்புக் காற்றுள்ள ஊருக்கு அந்தச் சில ரூபாய் வீண் அன்று. ஒரு கம்பி 100 மீட்டருக்கு மேல் போகலாகாது என்ற வரையறை வீடுகளில் இடையூறாக வருவது அரிது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது மட்டும் கம்பிகளைக் கழற்றி வைக்கிறோம்.

கடலோரத்தில் வாழும் நம் சகோதரர்களுக்கு, அது காரைக்கால் ஆயினும் நாகூர் ஆயினும் காயல்பட்டினம் ஆயினும், ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு நாள், உங்கள் கணினியில் லிங்க் ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். உங்கள் பெற்றோரின் குரலும் படமும் எத்தனை இடங்களில் இருக்கின்றன என்றும் எண்ணுங்கள். ஒன்று என்றால் இன்றே இரண்டாக்குங்கள். இயன்றால் மூன்றாவதை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, தொடங்கிவிடுங்கள்.

நம்மை முந்திச் சென்றவர்களின் கப்றுகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.